கேதக் கொட்டு வேண்டுமா என்று நீ கேட்டதற்கு

அன்புள்ள இசக்கிக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ சென்னையிலிருந்து போனில் ஒரு கேள்வி கேட்டாய். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்று தமிழ் நடத்தியவன்தான். ஆனால் மேசையில் பாடக்குறிப்பு இல்லாமல் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. இதற்கும் குறிப்பு இல்லாமல் முடியாது. ஆகவே முதலில் வரிசையைத் தந்துவிடுகிறேன்.

1. கொட்டுக்காரன் என்ற சொல்லைப் பற்றி நான் தேடியது.
2. உன் தாத்தாவும் கொட்டும். தன் சாவுக்கு அது வேண்டாம் என்று அவர் சொன்னது.
3. அவர் இறந்த அன்று நான் செய்தது.
4. சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய் உன் மாடசாமி சித்தப்பாவைப் பார்த்தது.
5. உன் கேள்விக்குப் பதில்.

இதைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "பெத்த பிள்ளைக்கு எழுதுத கடுதாசிக்குமா நம்பர் போடுதீய?" என்று கேட்டாள். நம்பர் போடாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

நீ கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. திருநெல்வேலி டாக்டர் என் இருதயத்தைப் பார்த்துவிட்டு இனி மாத்திரை மட்டும் போதும் என்று சொன்னதை நான் நல்ல செய்தி போலச் சொன்னேன். நீ மாத்திரைகளின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாய். பிறகு, "அப்பா, கோவப்படாதீங்க. தாத்தாவ ஊமையாக் கொண்டுபோன மாதிரி உங்களையும் கொண்டுபோக என்னால முடியாது. அன்னைக்குக் கொட்டு அடிக்கணுமா வேண்டாமா, நீங்களே சொல்லிருங்க" என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்து யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள் என்று பதினாலு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். போனில் கேட்டாயே என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

முதலாவது, சொல். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது நூலகத்தில் ஒரு பெரிய ஆங்கில அகராதி இருந்தது. ஒதுக்கி வைக்கப்பட்டவன், யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் என்று ஒரு சொல்லுக்குப் பொருள் போட்டிருந்தார்கள். அதன் வேர்ச்சொல் தமிழ், பறை அடிப்பவன் என்பதிலிருந்து வந்தது என்றும் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. நம் ஆட்களைச் சொல்லும் சொல் கப்பலேறிப் போய், ஆதரவற்ற தெருநாய்க்கும், மற்ற தேசங்கள் ஒதுக்கிய தேசத்துக்கும் பெயராக நிற்கிறது. அன்றைக்கு அகராதியை மூடிவிட்டு, யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு அந்தச் சொல்லை விடவில்லை. பழந்தமிழில் எல்லா நிலத்துக்கும் அதனதன் பறை உண்டு என்று படித்தேன். பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் படித்தேன். படிக்க வேண்டியதுகூட இல்லை. செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மலைக்கு அந்தப் பக்கத்து மலையாள லாரிக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் போதும், 'சொல்லு' என்பதற்கு அவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். இங்கே வசவாக இருப்பது அங்கே வாயைத் திறக்கும்போதெல்லாம் வருகிறது. ஆகவே பறை அடிப்பவன், நம் ஊர்ப் பேச்சில் கொட்டுக்காரன், என்றால் செய்தி சொல்பவன் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்று நிரப்பினேன். நம் பெயர் அதிலிருந்துதான் வந்தது என்பதை ஒப்பாத படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் அதில் எழுதியிருக்கிறேன். எது சரி என்று எனக்கு உறுதியாகத் தெரியாது.

அந்த நோட்டால் என்ன பயன் என்று நீ ஒருமுறை கேட்டாய். பயன் இல்லை. கோயிலுக்குள் தவில் வாசிப்பவரை இந்த ஊரில் மேளக்காரர் என்பார்கள். தெருவில் தோலை அடித்தவனைக் கொட்டுக்காரன் என்பார்கள். நாற்பது பக்கம் எழுதியும் அது மாறவில்லை. வகுப்பில் ஐந்து நிலத்துக்குரிய பறையையும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். என் அப்பா அடிப்பது என்ன என்று ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை. சொல்லின் பெருமையெல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்லை மட்டும் வாயில் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, உன் தாத்தா. நீ பார்த்த தாத்தா கட்டிலில் படுத்திருந்தவர். நான் பார்த்தவர் நடந்துகொண்டே இருந்தவர். ஒரு வீட்டில் உயிர் போனால் முதலில் அவருக்குத்தான் ஆள் வரும். சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்கெல்லாம் போய், தெருவில் நின்றபடி கேதம் சொல்லிவிட்டு வருவார். பிறகு வந்து அடிப்பார். சாவு விழுந்ததற்கு ஓர் அடி, வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தெரு முனையில் எதிர்கொண்டு கூட்டிவர ஓர் அடி, பிணத்தைக் குளிப்பாட்ட நீர் எடுக்கும் நீர்மாலைக்குப் பிள்ளைகள் ஆற்றுக்குப் போக ஓர் அடி, கடைசியாகத் தூக்கும்போது ஓர் அடி. வீட்டுக்குள் இருக்கும் கிழவிகள் சத்தத்தை வைத்தே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். சாரல் காலத்தில்தான் அவருக்குக் கஷ்டம். குற்றாலத்து ஈரக்காற்று பட்டால் கொட்டின் தோல் தொய்ந்துவிடும். கால் மணிக்கு ஒருதரம் வைக்கோலைக் கொளுத்தி அதில் காட்டி முறுக்கேற்ற வேண்டும்.

எனக்கு வாசுதேவநல்லூரில் வேலை கிடைத்து மூன்றாவது வருடம் அங்கே ஒரு பெரிய வீட்டில் சாவு. பல ஊரிலிருந்து கொட்டுக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். மத்தியானம் ஊர்வலம் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ரோட்டில் வந்தது. எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடினார்கள். முன்வரிசையில் உன் தாத்தா. அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. பள்ளிக்கூடச் சுவர் தொடங்குகிற இடத்தில் அவர் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். மற்றவர்கள் அடித்தார்கள், அவர் வெறுமனே நடந்தார். சுவர் முடிந்த பிறகு குச்சியை எடுத்தார். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கடைசிவரை பேசியதில்லை. பெற்ற மகனுக்காக அவர் கையை நிறுத்தினார் என்று வேறு யாராவது சொல்வார்கள். நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். அவருக்கே அந்தத் தொழில் பிடிக்கவில்லை, விட வழியில்லாமல் அடிக்கிறார் என்று முடிவு செய்தேன். பிறகு அவர் தன் சாவுக்குக் கொட்டு வேண்டாம் என்று சொன்னதாக உன்னிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன் அல்லவா, அதற்கு இதுவும் பொருத்தமாக இருந்தது.

மூன்றாவது, அவர் இறந்த அன்று. பதினாலு வருடத்துக்கு முன்னால், நீ கல்லூரியில் இரண்டாம் வருடம். அன்றைக்கும் சாரல். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து மாடசாமியும் இன்னும் ஆறு பேரும் கொட்டோடு வந்து இறங்கினார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியதும் இல்லை. மாடசாமி என் சொந்தச் சித்தப்பா மகன், இறந்தது அவனுக்குப் பெரியப்பா. மற்றவர்கள் அப்பாவோடு முப்பது நாற்பது வருடம் சேர்ந்து அடித்தவர்கள். எதிர் வரிசையில் பூட்டியிருந்த கடையின் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று, கொண்டுவந்த வைக்கோலைக் கொளுத்தினார்கள். வழியில் நனைந்திருந்ததால் அது எரியாமல் புகைந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் தலைமையாசிரியரும் மற்ற ஆசிரியர்களும் வேனில் வரப்போவதாகப் போன் வந்தது. நான் ரோட்டைக் கடந்து போய் மாடசாமியிடம், அடிக்க வேண்டாம், அப்பா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "சரி சார்" என்றான். அதுவரை அவன் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வந்தவர்களை அப்படியே அனுப்பக்கூடாது என்று தேநீர் வாங்கி அனுப்பினேன். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தட்டில் காகிதக் கப்புகளை அடுக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டேன். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் வாசலுக்கு வெளியே நின்று, வெளியே நின்றே குடித்துவிட்டுப் போனவர்கள். தங்கள் ஆள் செத்த வீட்டிலும், தங்கள் ரத்தத்தின் கையாலேயே, அதே இடத்தில் நிறுத்தப்பட்டார்கள். கப்பை அடுக்கும்போது எனக்கு அது தெரியவில்லை. நீ ஒரு கப்பை எடுத்துக்கொண்டு நடந்து போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்போதும் நான் உள்ளே போய் நாற்காலிகளைத் துடைத்தேன்.

ஆசிரியர்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், அரைமணி நேரம் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் மெதுவாக, "என்ன சார்வாள், கொட்டுச் சத்தத்தையே காணும்? எண்பது வயசு, கலியாணச் சாவுல்லா" என்று கேட்டார். நாம் கொட்டுக்காரர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் நான் நிறுத்தினேன். அவரோ, கொட்டு ஏன் இல்லை என்று கேட்கிறார். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று அவரிடமும் சொன்னேன். பெரிய மனுசர் என்று தலையாட்டினார். துட்டி விசாரிக்க வந்தால் குளித்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போக வேண்டும், சீசன் வேறு, குற்றாலம் பக்கத்தில் இருக்கிறது. வேன் நேராக அருவிக்குப் போனது. வேனில் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும் இருந்ததை நான் பார்த்தேன். அவர்கள் மெயினருவியில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் நாம் சிற்றாற்றுக்கு நீர்மாலைக்குப் போனோம். உன் தலையில் ஒரு குடம், என் தலையில் ஒரு குடம். சாரல் ஓட்டில் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது. சந்தில் ஒரு வீட்டுக் கதவு திறந்து, உள்ளேயிருந்து ஒரு பெண், "யாரு வீட்டு நீர்மாலை இது, ஆளே தெரியாமப் போகுது" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நீ சென்னையில் வேலைக்குப் போனாய், சனி ஞாயிறுகளில் குழுவில் சேர்ந்து பறை பழகினாய், மேடையில் அடிக்கிற படத்தை அனுப்பினாய். படம் கிடைத்தது என்று ஒரு வரி போட்டேன். அதைப் பெரிதாக்கி உன் கையைப் பார்த்தேன் என்று எழுதவில்லை. குச்சியை நீ இடதுகையில் பிடிக்கிற விதம் அவர் பிடித்த மாதிரி இல்லை; யாரோ புத்தகம் பார்த்துச் சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. அதற்கும் நான்தான் காரணம்.

நான்காவது. நீ போனில் கேட்ட பிறகு பத்து நாள் யோசித்துவிட்டு, டவுன் பஸ்ஸில் சுந்தரபாண்டியபுரம் போனேன். சூரியகாந்தி பூத்திருந்தது, ரோட்டோரமெல்லாம் கார் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாடசாமிக்கு இப்போது அறுபத்தெட்டு. அவன் மகன் போலீஸில் சேர்ந்து, மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்து, "உள்ள வாங்க சார்" என்றான். மருமகள் சில்வர் தம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அவன் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தவனை உள்ளே உட்காரவைத்தான், அவ்வளவுதான். சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதத்தில் அவனிடம் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்று வரி. அதை வெளியே எடுக்கவேயில்லை.

நேராகக் கேட்டுவிட்டேன்: எனக்கு ஒன்று ஆனால் வந்து அடிப்பாயா?

"நானா சார்?" என்று சிரித்தான். "தோள்ல அத மாட்டி எத்தனையோ வருசம் ஆச்சு. இனிமே மாட்டுனா வீட்டுப் படி ஏறமாட்டேங்கான் மவன். ஸ்டேஷன்ல அவனுக்குக் கீழ நாலு பேரு நிக்காவல்லா. அப்பா கேதத்துக்கு அடிக்காருன்னா அவனுக்கு எப்படி இருக்கும்?"

அந்த மகன் சொல்வது என்னைவிட நன்றாக யாருக்குப் புரியும்? எங்கள் இசக்கி அடிக்கிறானே என்றேன்.

"அவன் பட்டணத்துல அடிக்கான் சார். கைதட்டுதாவ. இங்கன அடிச்சா கைதட்ட மாட்டாவ, யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேப்பாவ." பிறகு, "அவனுக்குக் கேதக் கொட்டு தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியாது, நீ சொல்லிக்கொடேன் என்றேன்.

"அத வீட்டுல வச்சு அடிக்கக் கூடாதே சார். ஆகாது. ஒருத்தன் செத்தாத்தான் அடிக்கணும். யாராவது போனாச் சொல்லி அனுப்புதேன், லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க." அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டு மாத்திரைகளைப் பற்றிப் பேசினோம். பஸ் ஏற்றிவிடும்போது படியில் கைகொடுத்து, "மெதுவாப் போங்க சார்" என்றான். அண்ணே என்று கூப்பிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள முடியுமா என்றும் தெரியவில்லை.

ஐந்தாவது, பதில். வேண்டாம். காரணங்கள் மூன்று. ஒன்று, அன்றைக்கு வந்த ஏழு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள், இருக்கும் இரண்டு பேர் வரமாட்டார்கள், அவர்கள் வராததும் நியாயம். இரண்டு, உன் குழு வேனில் வந்து இறங்கி அடித்தால் அது மேடை அடியாக இருக்கும். தெருக்காரர்கள் மாடியிலிருந்து போனில் படம் பிடிப்பார்கள். சாவுக்கு என்ன அடிக்க வேண்டுமோ அது இருக்காது. மூன்று, உன் தாத்தாவே தனக்கு வேண்டாம் என்று சொல்லிப் போனவர். அவருக்கு இல்லாதது எனக்கு எதற்கு. என்னை எந்தச் சத்தமும் இல்லாமல் கொண்டுபோ. நீர்மாலைக்கு நீ ஒருவன் போனால் போதும். உன்னிடம் இதைவிட வேறு கேட்க எனக்கு உரிமை இல்லை. அறிவுரை என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: உன் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லின் வேரைச் சொல்லிக்கொடுக்காதே. அவர்கள் தாத்தாவுக்கு அப்பா யார் என்று சொல். வேரைச் சொன்னால் ஆளைச் சொல்ல வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது.

இதுவரை எழுதிவிட்டு, பரீட்சைத் தாள் திருத்துவது போல முதலிலிருந்து ஒருமுறை படித்தேன். உன் அம்மா தபாலில் சேர்க்க உறை எடுத்து வைத்திருக்கிறாள். ஆனால் இரண்டாவதாக எழுதியது தவறு. அது தவறென்றால் ஐந்தாவதில் மூன்றாவது காரணமும் போகிறது, அது போனால் மற்ற இரண்டும் காரணங்களே இல்லை, வெறும் பயம்தான். கோடு போட்டு அடித்துவிட்டு வேறு எழுதலாம். இன்னொரு முறை சுத்தமாக எழுதினால் மறுபடியும் இதையே எழுதிவிடுவேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் அப்படியே அனுப்புகிறேன், தீர்மானத்தை நீயே செய்துகொள்.

உன் தாத்தா கொட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகச் சாரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏலே, ரெண்டு கட்டு வைக்கோல் வாங்கி நனையாம உள்ள எடுத்து வை" என்றார். சரி என்றேன். வாங்கவில்லை. எதற்கென்று நான் கேட்கவும் இல்லை. நம் வீட்டில் மாடு கிடையாது.